பிளேஸ்டோவில் தொலைந்த அட்டை

5 அக்டோபர் 1992, திங்கள்

காலையிலிருந்து தூறல். உடுப்புக் காயவில்லை, ஹீட்டருக்கு மேல் விரித்திருக்கிறேன்.

நாளை ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலைக்குச் சேர வேண்டும். அட்டையைக் கொண்டுவரச் சொன்னார்கள். அலுமாரி லாச்சியைத் திறந்தால் இல்லை.

தேடிய இடங்கள்: லாச்சி, சூட்கேஸ், கைப்பை (உள்துணியையும் பிரித்து), கோட்டுப் பொக்கற், சாமிப்படத்துக்குப் பின்னால், மெத்தைக்குக் கீழே. குப்பை வாளியும்.

இமிகிரேஷன் தந்த அகதி அட்டை. என் படம், பெயர், பிறந்த திகதி, முத்திரை. இந்த இங்கிலீசு நாட்டில் நான் இன்னார் என்று சொல்ல அது ஒன்றுதான். ஊர் அடையாள அட்டை, ஐ.சி., இல்லை. விமானக் கழிவறைக்குள் கிழித்துப் போடச் சொன்னான் ஏஜென்ட், போட்டேன். வந்த பாஸ்போட் வேறு யாரோ ஒருத்தியுடையது. அதையும் அவனே வாங்கிக்கொண்டான்.

இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன், விழவில்லை. சோபாவைத் தூக்கிப் பிடித்தார், நான் குனிந்து பார்த்தேன். ஒரு சீப்பு, கொஞ்சம் கச்சான் கடலைக் கோது.

"போன கிழமை மார்க்கற்றுக்குக் கொண்டு போனனீயோ?"

"இல்லை. நான் அதை வெளியிலை எடுக்கிறேல்லை."

"யோசிச்சுப் பார். உனக்கு இப்ப ஒண்டும் நினைவிலை நிக்கிறேல்லை."

உண்மைதான். ஓகஸ்டில் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு எல்லாம் மறக்கிறது. இரண்டாவது முறையும் பிள்ளை தங்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு யன்னலடியில் நின்றிருக்கிறேன். அப்படி எங்கேயோ வைத்துவிட்டேன் போல.

6 அக்டோபர், செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. மேல் வீட்டு ஸ்டெல்லாவிடம் போய் லோண்டரிக்குப் போன் எடுத்தேன். ஸ்டெல்லா நாகர்கோவில்காரி, அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை பார்த்துத் தந்ததும் அவள்தான். சூப்பர்வைசர் மனுசி, "நோ கார்ட், நோ ஸ்டார்ட், டார்லிங்" என்றாள். கொஞ்ச நாள் வேறு ஆளைப் போட்டுச் சமாளிப்பாளாம்.

ஸ்டெல்லா சொன்னாள்: "முதல்ல போலீஸ்ல சொல்லணும். ஒரு நம்பர் தருவாங்க. அத எடுத்துட்டு இமிகிரேஷனுக்குப் போனா புதுசு தருவாங்க. நானும் வர்றேன், பயப்படாதீங்க."

இதை இவரிடம் சொன்னேன்.

"பொலிசுக்கோ? உனக்கென்ன விசரே. கார்ட் இல்லாமல் போய் நிண்டால் அங்கையே மறிச்சு வைப்பாங்கள். நான் லோயரோடை கதைக்கிறன். அது வரைக்கும் வெளிக்கிடாதை."

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

9 அக்டோபர், வெள்ளி

வெயில். வெளியே போகவில்லை. இவரே மரக்கறி, மீன் எல்லாம் வாங்கி வருகிறார். மூன்று வருடத்தில் ஒரு நாளும் செய்ததில்லை. கத்தரிக்காய் முற்றல்.

லோயர் லீவாம்.

கோவிலில் கண்டவர்கள் என்னை எங்கே என்று கேட்டார்களாம். சுகமில்லை என்று சொல்லியிருக்கிறார்.

15 அக்டோபர், வியாழன்

குளிர். கையுறை ஒன்றைக் காணவில்லை.

லோயர் இன்னும் லீவு. இவர் வேலைக்குப் போன பிறகு ஸ்டெல்லாவோடு பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாசலில் கால் ஓடவில்லை. ஊரில் அந்தச் சீருடையைக் கண்டால் மதிலோரமாக ஒதுங்கிப் போன கால். ஸ்டெல்லா முழங்கையில் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

இளம் பொடியன், தடிமன் பிடித்தவன், மூக்கைத் துடைத்துத் துடைத்து எழுதினான். எங்கே தொலைத்தாய் என்றான். தெரியாது என்றேன். எப்போது? தெரியாது. ஒரு துண்டில் நம்பர் எழுதித் தந்தான். அவ்வளவுதான். யாரும் மறித்து வைக்கவில்லை.

"இதுக்கா இவ்வளவு நாள் வீட்டுக்குள்ள கெடந்தீங்க?" என்றாள் ஸ்டெல்லா. சிப்ஸ் வாங்கித் தந்தாள். வினாகிரி கூடிப்போச்சு. சாப்பிட்டேன்.

இவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே விளங்கவில்லை.

20 அக்டோபர், செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்க வேண்டும், பிறகு எனக்கே நம்பிக்கை வராது.

ஸ்டெல்லாவுக்கு ஷிப்ட். தனியாக ரெயில் மாறி இமிகிரேஷன் அலுவலகம் போனேன். வெளியே வரிசை, மழை. உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள், ஒரு குழந்தை நிறுத்தாமல் அழுதது. மதியத்துக்குப் பிறகு கூப்பிட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார ஒஃபிசர் பெண். இந்தப் பக்கம் மொழிபெயர்க்க ஒரு ஐயா. கோட்டு, நெற்றியில் மெல்லிய திருநீறு.

"எந்த இடம் தங்கச்சி?"

சொன்னேன்.

"ஆரின்ரை மனுசி நீங்கள்?"

இவர் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினார். கோவிலில் கண்டு பழக்கமாம்.

ஒஃபிசர் உள்ளே போய் ஒரு ஃபைலோடு வந்து ஏதோ சொன்னாள். "நாட் லாஸ்ட்" விளங்கியது. "ஹஸ்பண்ட்" விளங்கியது.

"என்ன சொல்லுறா ஐயா?"

"ஒண்டுமில்லை. பதிவிலை ஏதோ குழப்பமாம். வீட்டை போய் அவரோடை கதைச்சுப்போட்டு வாங்கோவன்."

"அவ சொன்னதைச் சொல்லுங்கோ."

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அட்டை தொலையேல்லையாம் தங்கச்சி. போன மாதம் உங்கடை அவர் வந்து இஞ்சை குடுத்திட்டாராம். நீங்கள் இலங்கைக்குத் திரும்பிப் போறியள், இனி உங்களுக்குத் தேவையில்லை எண்டு. அவரின்ரை ஃபைலிலையிருந்து உங்கடை பேரை எடுத்தாச்சாம்."

அவரது கழுத்துப்பட்டியில் சின்னச் சின்ன நங்கூரங்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோபாவைத் தூக்கிப் பிடித்தாரே.

"நான் போகேல்லை ஐயா. எனக்குத் தெரியாமல் குடுத்திருக்கிறார். அப்பிடியே சொல்லுங்கோ."

ஐயா ஒஃபிசரிடம் இங்கிலீசில் சொன்னார். நீளமாகச் சொன்னார். "ஃபமிலி ப்ரொப்ளம்" என்றார், "தே வில் டிஸ்கஸ்" என்றார். அவ்வளவு இங்கிலீசு எனக்குத் தெரியும். ஒஃபிசர் ஃபைலை மூடப் போனாள்.

எழும்பிக் கண்ணாடித் துளையில் வாயை வைத்தேன். "நோ டிஸ்கஸ். ஐ நாட் கோ. ஐ நாட் நோ. ஹி டேக்." அதோடு என் இங்கிலீசு முடிந்துவிட்டது.

ஒஃபிசர் பேனையை வைத்துவிட்டு அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெல்ல மெல்ல, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள். பழைய அட்டை திரும்பத் தர ஏலாது. நான் என் பெயரில் தனியாகத் தஞ்சம் கேட்க வேண்டும். அடுத்த வியாழன். இரண்டு படம். ஐயாவுக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து புட்டு அவித்தேன். இவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "கார்ட் ஏதும் கிடைச்சுதோ?"

"இல்லை."

"கிடைக்கும், கிடைக்கும்" என்றார்.

23 அக்டோபர், வெள்ளி

ஒன்றும் கேட்கவில்லை நான். உடுப்புத் தோய்த்தேன், கோழிக்கறி, குசினி நிலம் துடைத்தேன். இவர் ஷேவ் எடுக்கும்போது பின்னால் நின்று பார்த்தேன். அதே முதுகு. எயர்போட்டில் எனக்குக் கோட்டு கொண்டுவந்து போட்டுவிட்ட மனுசன். அந்தக் கோட்டு அவ்வளவு பெரிது, சிரித்தோம்.

அம்மாவுக்கு எழுத வேண்டும். என்னவென்று எழுத?

25 அக்டோபர், ஞாயிறு

குளிர்காலத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாற்றினார்கள். மத்தியானமே இருட்டுகிற மாதிரி.

சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுவிட்டேன். "அட்டையை ஏன் கொண்டு போய்க் குடுத்தனீங்கள்?"

ரி.வி.யை நிப்பாட்டினார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"இஞ்சை உனக்கு ஒத்துவரேல்லை. கொழும்பிலை லொட்ஜ் ஒண்டு பாத்தாச்சு. கொம்மாவைக் கூப்பிட்டு வைச்சிரு. எம்பசியிலை ஒருவழிப் பேப்பர் எடுக்கலாம். மாதம் மாதம் அனுப்புவன்."

"ஐ.சி. இல்லாமல் கொழும்பிலையோ? ரவுண்டப்பிலை பொலிசுக்காரர் முதல் நாளே பிடிச்சு ஏத்துவாங்கள்."

"எல்லாரும் இருக்கினம் தானே."

"நான் என்ன பிழை விட்டனான்?"

"பிழை எண்டு ஆர் சொன்னது. எனக்கும் வயசு போகுது. ஒரு பிள்ளை வேண்டாமோ?"

இவ்வளவு அமைதியாக. மீன் விலை சொல்வது போல.

நான் போகமாட்டேன் என்றேன். இமிகிரேஷனுக்குப் போனதையும், வியாழன் திரும்பப் போகப் போவதையும் சொன்னேன். அதைத்தான் இவரால் தாங்க ஏலவில்லை. "எனக்குத் தெரியாமல் போனனீயோ" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு கை. முதலில் கன்னம், பிறகு கண்ணுக்குப் பக்கத்தில். கதவு நிலையில் தலை இடித்தது.

ஸ்டெல்லா சத்தம் கேட்டு இறங்கி வந்து கதவைத் தட்டிக்கொண்டே நின்றாள். "தொறங்க, இல்லன்னா போலீஸக் கூப்பிடுறேன்." இவர் திறந்தார். "இது எங்கடை குடும்ப விசயம்" என்றார். ஸ்டெல்லா அவரைப் பார்க்கவேயில்லை. "வசந்தி, கோட்டப் போடுங்க" என்றாள்.

எடுத்து வந்தவை: கோட்டு, இரண்டு சட்டை, அம்மாவின் கடிதங்கள், பொலிஸ் துண்டு. செருப்பு மாறி, ஒன்று பழையது, ஒன்று புதியது.

27 அக்டோபர், செவ்வாய்

ஆஸ்பத்திரி நர்ஸ்மார் விடுதி. ஸ்டெல்லாவின் சிநேகிதி ஒருத்தி லீவில் போயிருக்கிறாள், அவள் அறை. யன்னலுக்குக் கீழே அம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம்.

ரெயில் ஸ்டேஷன் போட்டோப் பெட்டிக்குள் இருந்து படம் எடுத்தேன். ஈரமாக வந்து விழுந்தது. இடது கண் பாதி மூடி, கீழே கருநீலம், உதட்டில் வெடிப்பு.

ஸ்டெல்லா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "வீக்கம் வத்துனப்புறம் எடுக்கலாமே. அந்தக் கார்டுல காலத்துக்கும் இதுதான இருக்கும்."

"வியாழன் போகாட்டில் வேறை நாள் எப்ப தருவினமோ தெரியாது."

"மேக்கப்பாவது போடட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

29 அக்டோபர், வியாழன்

மழை விட்டிருந்தது. ஸ்டெல்லா லீவு போட்டு வந்தாள். மொழிபெயர்ப்புக்குப் பெண் ஒருத்தியைத் தரச் சொல்லிக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். தந்தார்கள்.

விரல் அடையாளம், கேள்விகள், திரும்பவும் அதே கேள்விகள். அதே ஒஃபிசர். படத்தையும் என்னையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் பசை பூசி ஒட்டினாள், முத்திரை குத்தினாள். முத்திரையின் விளிம்பு கன்னத்தில் விழுந்திருக்கிறது.

இனி என் பெயரில் தனி ஃபைல். பெரிய விசாரணை பிறகு வருமாம். அனுப்பிவிட மாட்டார்கள் என்று சொல்ல ஏலாது, இப்போதைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

சந்தோசம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. தலையிடி.

9 நவம்பர், திங்கள்

லோண்டரியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரி விரிப்புகள், மலை மலையாக. ஆவி. பேச்சுத் தேவையில்லை, நல்லது. பிரசவ வார்டு விரிப்புகளைத் தனி வண்டியில் தள்ளி வருகிறார்கள். அதை மற்றவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

வெளியே வரும்போது கேற்றடியில் அந்த ஐயா. கோட்டும் திருநீறும்.

"தங்கச்சி, ஒரு நிமிசம். உங்கடை அவர் என்னட்டை வந்தவர். எங்கை இருக்கிறியள் எண்டு கேட்டவர். கோவிலிலையும் கேட்டுத் திரியிறார்."

"நீங்கள் சொன்னனீங்களோ?"

"இல்லை. ஆனால் நானே விசாரிச்சுக் கண்டுபிடிச்சிட்டன் தானே. அவருக்கு எவ்வளவு நேரம் செல்லும்."

பிறகும் நின்றார். "அண்டைக்கு நான் நல்லதெண்டு நினைச்சுத்தான் மாத்திச் சொன்னனான்" என்றார். மன்னிக்கச் சொல்கிறாரா, நியாயம் சொல்கிறாரா தெரியவில்லை. நான் நடந்தேன். இரவே ஸ்டெல்லாவிடம் வேறு இடம் பார்க்கச் சொன்னேன்.

14 நவம்பர், சனி

கோலியர்ஸ் வுட்டுக்கு வந்துவிட்டேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், வேலைக்கு இரண்டு ரெயில். இங்கே இவருக்குத் தெரிந்த ஆட்கள் குறைவு. மேரி அக்கா என்று ஸ்டெல்லாவோடு சேர்ச்சுக்குப் போகிறவர், மன்னார் ஆள், புருசன் இல்லை. பின் அறையை வாடகைக்கு விடுகிறார். சுவரில் ஈரம். கட்டில் பரவாயில்லை.

ஸ்டெல்லா பையை வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினாள். மேரி அக்கா தேத்தண்ணி தந்தார்.

"குறை நினையாதை பிள்ளை. வீட்டுச் சொந்தக்காரன் கேப்பான், ஏதும் அடையாள அட்டை இருந்தாக் காட்டு."

கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் அட்டையை. என் முகத்தில் இப்போது ஒன்றும் இல்லை, கொஞ்சம் மஞ்சள் மட்டும்.

"இதென்ன பிள்ளை, கண்ணிலை?"

விழுந்தது என்று வாய் வரைக்கும் வந்தது.

"என்ரை மனுசன் அடிச்சது" என்றேன்.

மேரி அக்கா அட்டையைத் திருப்பித் தந்தார். சாவி ஒன்றும் தந்தார். முன்கதவு இறுக்கமாம், தூக்கி இழுத்தால்தான் திறக்குமாம்.