மேடை நடுவில் ஒரு மைக்

என்னங்க,

நம்ம நகர ஜாஸ் விழா அமோகமா முடிஞ்சது. கைகொடுத்த எல்லாருக்கும் நன்றிக் கடிதம் எழுதிட்டேன். மண்டபம் தந்த பள்ளிக்கூடத்துக்கு, நாற்காலி இறக்கின லாரிக்காரருக்கு, வாசிக்க வந்தவங்களை வீட்டுல தங்கவெச்ச பல் டாக்டருக்கு. மிச்சம் நீங்கதான்.

"நான் ட்ரம்பெட் ஊதலைன்னா உங்க விழா ஈ ஓட்டும்"னு சொல்லிட்டு, ஒத்திகை அன்னிக்கே அந்தப் பாடகியோட கார்ல ஏறினீங்களே, அதுக்கு நன்றி. உட்கார இடமில்லாம ஜனங்க நின்னு கேட்டாங்க.

உங்களுக்குப் பதிலா நான் யாரையும் போடலை. ஓடிப்போனது யாருன்னு ஊரே பார்க்கட்டும்னு உங்க மைக்கை மேடை நடுவுல அப்படியே விட்டு வெச்சேன். நீங்க தனியா ஊதற இடம் வந்தப்போ டிரம்ஸ்காரர் வெறும் தாளத்தை ஓட்டினார். ஒருத்தரும் ஏன்னு கேட்கலை.

பாட்டு முடிஞ்சதும், முன்வரிசையில இருந்த உங்க அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாங்க. உங்களைத்தான் கேட்கப்போறாங்கன்னு பதில் யோசிச்சுக்கிட்டே போனேன்.

"நடுவுல அந்த மைக் மறைக்குதும்மா, எடுத்துடு"ன்னாங்க.

எடுத்துட்டேன்.

நன்றியுடன்,
விழாக் குழுச் செயலாளர் மட்டும்