அப்பா தாண்டிப் படித்த பக்கம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், என் தூக்கம் மட்டும்தான் நலமில்லை. கப்பலில் நீயும் உன்னோடு இருப்பவர்களும் சுகமாக இருக்க வேண்டும், வேறு நினைப்பே எனக்கில்லை. அடுத்த மாதம் அந்தச் சின்ன நீர்மூழ்கியில் உட்கார்ந்து கடலடிக்குப் போகப்போகிறேன் என்று நீ போனில் சொன்னதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. கீழே எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கலாமே என்று, பள்ளிக்கூடத்தில் உனக்குப் பரிசாகக் கொடுத்த அந்தப் பழைய கடல் நாவலைத் தேடி எடுத்தேன். எழுதி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். நான் வேலை பார்க்கும் கடையிலிருந்து கொண்டுவரும் திரைச்சீலைகளுக்கு நான் ஓரம் தைக்க, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார். ஒரு பேராசிரியர் இரும்புக்கூண்டு செய்து, வேலைக்காரனையும் கூட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறார். நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன், ராட்சத நண்டு வந்த இடத்தில் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன். ஆனால் பக்கம் பக்கமாக மீன்களின் பெயரை யார் கேட்டார்கள்? பஸ் டிப்போவில் எஞ்சினோடு மல்லுக்கட்டியே காலம் போன அப்பாவுக்கு வேறு குறை. ஒரு நட்டுகூடக் கழன்றுகொள்வதில்லை, எழுதினவன் ஸ்பானரையே பார்த்ததில்ல போல என்கிறார். பெண் என்று புத்தகத்தில் ஒரே ஒருத்தி, பேராசிரியரின் மனைவி. துறைமுகத்தில் கைக்குட்டையை ஆட்டுவதோடு சரி, அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று எழுதியவருக்கே ஞாபகமில்லை.

அதை விடு, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் கூண்டுக்குள் இருந்த வேலைக்காரனை மறுநாள் வாசிப்பில் காணோம். எங்கே அவன் என்று கேட்டேன். தூங்குறான் போல என்று அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். எனக்குச் சந்தேகம் தட்டியது. புத்தகத்தைக் கைப்பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய் மதியம் புரட்டினேன். கூண்டு எதிலோ மாட்டிக்கொள்ள, வெளியே போய்ப் பார் என்கிறார் பேராசிரியர். அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனாலும் வாய் திறக்காமல் போகிறான். கூண்டு விடுபட்டு மேலே வருகிறது, அவன் மட்டும் திரும்பி வரவில்லை. அவனுக்கு இரண்டே வரி, அடுத்து ஒரு கிளிஞ்சலுக்கு மூன்று பக்கம்! அந்தக் காலத்தில் இதைப் படித்தவர்கள் கிளிஞ்சலைத்தான் பார்த்தார்களோ என்னவோ, எனக்கு அவனை விட்டு நகர முடியவில்லை. அப்பா எனக்காகத்தான் அதைத் தாண்டிப் படித்திருக்கிறார், நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, நீயும் உளறிவிடாதே. அது பழைய கதைம்மா, இப்ப எல்லாத்துக்கும் கருவி இருக்கு என்பாய். இருக்கட்டும். உங்கள் தலைமை விஞ்ஞானி சொன்னால் சொன்னதுதான், யாரும் மறுபேச்சுப் பேச மாட்டோம் என்று பெருமையாகச் சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீயோ சின்னதிலிருந்தே வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறவள். கீழே ஏதாவது சரியில்லை என்று பட்டால், பயமா இருக்கு, மேல போகலாம் என்று வாய்விட்டுச் சொல். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

முடிவு எங்களுக்கு இன்னும் தெரியாது. கூண்டு இரண்டாம் தடவை இறங்கியதுமே அப்பா புத்தகத்தை மூடி அலமாரி மேல் வைத்துவிட்டார். மிச்சத்தை எப்போது படிப்பது என்றேன். நம்ம பொண்ணு மொதல்ல மேல வரட்டும் என்றார். நானும் எட்டிப் பார்க்கவில்லை.

குளிருக்குக் கனமான சாக்ஸைப் போட்டுக்கொள். தீர்க்காயுசாக, மனசு நிறைந்து இரு. மேலே வந்த நிமிஷமே போன் பண்ண மறக்காதே. கடலடியில் என்னென்ன பார்த்தாய் என்று அப்புறம் கேட்டுக்கொள்கிறேன், முதலில் உன் குரல் வர வேண்டும்.

இப்படிக்கு,
அலமாரிப் பக்கமே போகாத
உன் அம்மா