தோள் மடித்த பனியன்

அண்ணா,

இன்று காலை வகுப்பில் உங்கள் பனியனை மேஜை மேல் விரித்து வைத்தேன். துவைத்துத் துவைத்து மெலிந்துவிட்டது. ஆனாலும் எடுத்து உதறினால் வெயிலில் காய்ந்த பருத்தித் துணியின் வாசம் வருகிறது. அளவில் பெரிய ஆளுக்கானது, தோள் மட்டும் கைக்குழந்தையின் உடுப்பில் இருப்பதுபோல. முன்துணியும் பின்துணியும் தோளில் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து கிடக்கும். அதைப் பார்த்ததும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நம் வகுப்பு ஆரம்பித்ததே ஒரு சிரிப்பில்தான்.

நீங்கள் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை என்ன நடந்தது என்று உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை. வெட்கம்தான் காரணம். குழந்தை வளர்ப்பும் வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்வதும் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று தலைமையாசிரியை ஒரு மணி நேரம் ஒதுக்கினார். அதை என் தலையில் கட்டினார். "நீங்க விலங்கியல் டீச்சர்தானுங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார். கல்யாணமும் ஆகாத, ஒரு குழந்தையையும் முழுதாகப் பத்து நிமிடம் தூக்கியிராத எனக்கு!

கடையில் ஒரு பொம்மையும் அதற்கேற்ற உடுப்பும் வாங்கிப் போனேன். உடுப்பைக் கையில் வாங்கியதுமே சேவூர்ப் பக்கத்துப் பையன் தினேஷ் கழுத்தைப் புரட்டி லேபிளைப் பார்த்தான். அவன் அப்பா சொந்தமாக பனியன் கம்பெனி வைத்திருப்பவர். "மேடம், இது மூணு மாசக் குழந்தை சைஸுங்க. கழுத்துல ஒரு தையல் விட்டுப்போச்சுங்க. செக்கிங்ல ரிஜெக்ட் பண்ணிருவாங்க" என்றான். எனக்குப் பெருமையாக இருந்தது. சரி, போட்டுக் காட்டு என்றேன். தலை வழியாக நுழைத்து இழுத்தான். பொம்மையின் தலை அவன் கையோடு வந்துவிட்டது.

"மேடம், பாப்பாவும் ரிஜெக்ட்டுங்க!"

வகுப்பு ஓய்வதற்கு வெகுநேரம் ஆனது. அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. உங்கள் செல்வி. "அதத் தல வழியா போடக் கூடாது டீச்சர். தோள விரிச்சுக் கால் வழியா ஏத்தணும். கழட்டும்போதும் கீழயே எறக்கிரணும். பாப்பா பேண்டு வச்சிருந்தா மூஞ்சில படாதுல்லா."

நான் அந்த மடித்த தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தெந்த தேசத்துக் குழந்தைகளுக்கோ இந்த ஊரிலிருந்து உடுப்பு போகிறது. அந்தத் தோள் எதற்காக மடிந்திருக்கிறது என்று தைக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "எங்கப்பா" என்றாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாளே உங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். நீங்கள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிறவர், தெற்கத்திக்காரர் என்பதைத் தவிர உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வகுப்புக்கு வரக் கேட்டதும், "நான் என்னத்த டீச்சர் சொல்லிக் குடுக்கப் போறேன், எட்டாங் கிளாசு தாண்டல" என்று சிரித்தீர்கள். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குள் செல்வி உள்ளிருந்து ஓடி வந்தாள்.

"வேண்டாம்ப்பா. பயலுவ கிண்டல் பண்ணுவானுவ. ஒங்கப்பா பீத்துணி அலசுனவராமேன்னு கேப்பானுவ."

கையில் இருந்த ஈரத் துணியை ஒருமுறை பிழிந்தீர்கள். பிறகு, "அப்ப ஒன் அப்பன்னு சொல்லாம வாரேன். ஒரு டெய்லரு வந்திருக்காருன்னு சொல்லுங்க டீச்சர், போதும்" என்றீர்கள். அவள் தலையாட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு எப்படி இருந்தது என்று கடைசிவரை நான் கேட்கவில்லை, அண்ணா.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் ஒரு பொம்மையோடு வந்தீர்கள். பனியன் வேஸ்ட் துணியில் நீங்களே தைத்தது. உள்ளே மணல் மூட்டை, மூன்று கிலோ கனம், கழுத்து மட்டும் துவண்டு தொங்கியது. தினேஷ் கையில் கொடுத்ததும் தலை பின்னால் சாய்ந்தது. "தலையப் புடில!" என்று ஒரு அதட்டல் போட்டீர்கள். 'ங்க' போடாமல் பேசினாலே சண்டை என்று நினைக்கிற பிள்ளைகள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் சட்டைக் கையை மாட்டிக் காட்டினீர்கள். குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே திணிக்கவில்லை. உங்கள் விரல்களைச் சட்டைக் கையின் வெளி வாய் வழியாக விட்டு, அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு, துணியை மேலே நகர்த்தினீர்கள். "புள்ளைய இழுக்காத, துணிய இழு." அன்று நீங்கள் சொன்னதில் அதை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டேன்.

தினேஷ் சும்மா இருப்பானா? "ஏனுங்ண்ணா, உங்க ஊட்டுல அக்கா இதெல்லாம் செய்ய மாட்டாங்களாங்க?" என்றான். பின் பெஞ்சு சிரித்தது. நீங்கள் கோபப்படவில்லை. "அவளுக்குப் பகல் ஷிப்டு, எனக்கு ராத்திரி ஷிப்டு. புள்ளைக்கு ஏது ஷிப்டு? பகல்ல நாந்தான் பாத்தேன்" என்றீர்கள்.

"அந்தப் பாப்பா இப்ப என்னங்ண்ணா பண்ணுது?"

நீங்கள் மூன்றாவது பெஞ்சுப் பக்கம் மறந்தும் திரும்பவில்லை. "படிக்கி. நல்லாப் படிக்கி" என்று பொம்மையிடம் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

செல்வி எழுந்து நின்றாள். "நாந்தான் அது. அவுக எங்க அப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் நிமிரவும் இல்லை. ஒழுங்காகவே பிடித்துக்கொண்டிருந்த தினேஷைப் பார்த்து, "தலையப் பாத்துப் புடில" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எட்டு வருடம், வருடத்தில் ஒரு சனிக்கிழமை உங்களுடையது. செல்வி பள்ளியில் இருந்தவரை கேட்டிலிருந்து அவளே உங்களை அழைத்துக்கொண்டு வருவாள். வழியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம், "எங்கப்பா, கிளாஸ் எடுக்க வந்திருக்காக" என்பாள். கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

பக்கவாதம் வந்து உங்கள் வலக்கை விறைத்துப்போனபோது, முன்பக்கம் திறக்கிற சட்டையே போதும், தலை வழியாகப் போடுகிற பனியன் வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாராம். நீங்களா கேட்பீர்கள்? பனியன் இல்லாமல் வாசலுக்குக்கூட வராத ஆள். செல்வி அப்போது ஒரு கம்பெனியில் சாம்பிள் தைத்துக்கொண்டிருந்தாள். தினேஷிடம் மெல்லிய துணி கேட்டிருக்கிறாள். அவன் தன் கம்பெனியிலிருந்து அன்றைக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். உலகத்தில் துணி வாங்குகிற எந்த பையரும் ஆர்டர் கொடுக்காத பனியன் ஆறு பீஸ் தைத்தாள்.

உங்களைப் பார்க்க நான் வந்த அன்று அவள் அதைத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். தோளை அகலமாக விரித்து, கால் வழியாக ஏற்றி, விறைத்த கையை முதலில் கவனித்தாள். விரல்களைப் பனியன் கையின் வெளி வாய் வழியாக விட்டு உங்கள் பெரிய கையைப் பிடித்துக்கொண்டு துணியை நகர்த்தினாள். உங்களுக்கு அப்போது பேச்சு குழறியது. "துணி... துணிய..." என்றீர்கள்.

"ஆமாப்பா. ஒங்கள இழுக்கல. துணியத்தான் இழுக்கேன்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது, கண் இரண்டும் சிரித்தன. எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்கு என்ன மார்க் போடுவது?

போன மழைக்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு செல்வி ஆறில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். "கிளாஸ்ல வச்சுக்கோங்க டீச்சர்" என்றாள்.

இன்று அதை முதல் பெஞ்சுக்குக் கொடுத்தேன். நம் ஊர்ப் பிள்ளைகள் அல்லவா, வாங்கியதும் கழுத்தைத்தான் புரட்டினார்கள்.

"மேடம், சைஸ் லேபிள்ல நம்பரே இல்லீங்க" என்றாள் ஒருத்தி.

"வேற என்ன இருக்குது கண்ணு?"

"நூல்ல 'அப்பா'ன்னு தெச்சிருக்குதுங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அது யாருடைய அப்பா, அப்பா என்று சொல்லாமலே அவர் இந்த வகுப்புக்கு எப்படி வந்தார் என்று சொன்னேன். சொல்லி முடித்து உங்கள் மணல் பொம்மையை எடுத்து ஒரு பையன் கையில் வைத்தேன். கழுத்து துவண்டது.

"தலையப் புடில!" என்றேன். பையன் சட்டென்று பிடித்துக்கொண்டான்.