ஸ்டெல்லா பெயரில் காவடிப் பாட்டு

செவ்வாய், இரவு

இன்று முதலாளி முன்னால் ஒரு பெண்ணின் பின்னால் ஒளிந்துகொண்டேன். இந்த வயதில், இந்தத் தொப்பையோடு.

ஆபீசுக்கே ஒரே பிரின்டர். யார் எத்தனை பக்கம் எடுக்கிறார்கள் என்று லினக்ஸ் சர்வரில் கணக்கு வைத்து, அளவு மீறினால் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று யோசனை சொன்ன மேதை நான்தான். மதியம் பனியன் பெட்டிகளோடு லாரி நிற்கிறது. ஷிப்பிங் பார்க்கும் ஸ்டெல்லாவுக்கு, லாரியோடு போக வேண்டிய பேக்கிங் லிஸ்ட் பிரின்டரில் வரவில்லை.

"ஏண்ணே, ஒங்க பிரின்டர் என்னைய மட்டும் மாமியா மாரி மொறைக்குது?"

"அளவு முடிஞ்சுதுங்க அம்மிணி" என்று முதலாளி காதில் விழும்படி சொல்லிக் கணக்கைத் திறந்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் ஸ்டெல்லா பெயரில் பக்கம் பக்கமாகக் காவடிப் பாட்டு. எங்கள் பழனி பாதயாத்திரைக் குழுவுக்காக, அவர் சாப்பிடப் போன நேரம் அவர் சீட்டில் உட்கார்ந்து நான் எடுத்தவை.

"ஏனுங்க ஸ்டெல்லா, நீங்க எப்பங்க காவடி எடுத்தீங்க?" என்றார் முதலாளி.

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்த்தார். "நாந்தான் சார். சம்பளத்துல புடிச்சுக்கிடுங்க."

அளவைத் தளர்த்தினேன். லாரி போயிற்று. வாயை மட்டும் திறக்கவில்லை. நாளைக்காவது சொல்லிவிட வேண்டும். கண் சொருகுகிறது.

சர்வரில் என் பெயருக்கு அளவே கிடையாது. ஸ்டெல்லா சீட்டுக்குப் போனது அங்கே ஏசி இருப்பதால்.