பரிமாறியவளிடம் அப்பா கேட்ட கேள்வி

அன்பு மகளுக்கு, இங்கே நாங்கள் மூவரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. தம்பி ஒழுங்காக வேலைக்குப் போகிறான், அவன் சட்டைக்கு இஸ்திரி போடுவது மட்டும் இன்னும் என் தலையில்தான். உன்னை உணவகத்தில் மேற்பார்வைக்கு உயர்த்திவிட்டார்கள் என்று போனில் சொன்னாயே, அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போனது கோபத்தில் இல்லை, அவருக்கு மனசு கனத்துவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

போன வருஷம் தம்பிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் கடைத்தெருவில் இருக்கிற பெரிய ஹோட்டலுக்குப் போயிருந்தோம். பரிமாறிய பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும், அப்பாவுக்குக் காரம் ஆகாது என்று தெரிந்ததும் தானே உள்ளே போய்ச் சொல்லி வேறு செய்யவைத்துக் கொண்டுவந்தாள். பில் வந்தால் சாப்பாட்டு விலைக்குக் கீழே சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, இது கட்டாயமில்லை, மனசிருந்தால் கொடுப்பது, எடுத்துவிடுங்கள் என்றார். மேனேஜர் வந்து, எங்க வழக்கம் இதுதான் சார், வேலை செய்றவங்களுக்குத்தான் போகுது, அவங்க வயித்துல அடிக்காதீங்க என்று சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். அப்பாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இது உன் கைக்கு வருதாம்மா என்று கேட்டுவிட்டார். அவள் மேனேஜரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், இல்ல சார் என்றாள். மேனேஜர் வேறு பில் போட்டுக் கொடுத்தார். அப்பா அவள் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்புறம் ஒருநாள் அந்தப் பக்கம் போனவர் அவளைப் பற்றி விசாரித்தால், அடுத்த நாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். நியாயத்தைத்தானே கேட்டீங்க என்று நான் சொன்னதற்கு, அதை மேனேஜர்கிட்டயே கேட்டு முடிச்சிருக்கணும், அந்தப் பிள்ளையை ஏன் நடுவுல இழுத்தேன் என்று சாப்பிடாமலே படுத்துவிட்டார். நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தார், தேடி அலைந்து அவளையும் பார்த்தார், ஒரு ஆஸ்பத்திரி கேண்டீனில் இருக்கிறாள். திட்டு வாங்கத் தயாராகப் போனவரிடம், கேட்டது நீங்க, பதில் சொன்னது நான்தானே சார், அதை நீங்க எதுக்குச் சுமக்கிறீங்க என்றாளாம். மன்றத்துக்கும் அவளே வந்து நடந்ததைச் சொன்னாள். இனிமேல் கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. அவள் வேலை மட்டும் திரும்பி வரவில்லை.

கண்ணு, இப்போது பில் போடுகிற இடத்தில் நீ நிற்கிறாய். யாராவது அந்தத் தொகை வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் எடுத்துக்கொடு. மனசாரக் கொடுப்பது பரிமாறியவர்கள் கைக்கே போகட்டும். உனக்குக் கீழே இருக்கிற பிள்ளை உண்மையைச் சொன்னால் அவள் பக்கத்தில் போய் நின்றுகொள். அதனால் உன் வேலைக்கே ஆபத்து வந்தாலும் பயப்படாதே, இங்கே உனக்கு ஒரு வீடு இருக்கிறது.

எல்லா நலமும் பெற்று நீ நிறைந்திருக்க வேண்டும் என்று இருவரும் வாழ்த்துகிறோம். ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு நீ பட்டினி கிடக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா