சறோ அக்காவுக்குத் தெரியாமல் பார்த்த சுவிஸ்

செவ்வாய், ஆகஸ்ட் 5

வெக்கை. மழை வரும் வரும் என்று இருட்டிவிட்டு வராமலே போனது. குப்பை வாளி வெளியே வைத்தாயிற்று. சறோ அக்கா நாளை மறுநாள் கனடா வருகிறார். சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு. தங்குவது எங்கள் வீட்டில்.

நாள் முழுக்க ஒளிப்பு வேலை. பிறிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் படங்கள் (மரப்பாலம், பசுமாடு, பிலாத்துஸ் மலை) அரிசி வாளிக்குள். ஹோலில் தொங்கிய படம், நாங்கள் மூன்று பேரும் ஏரிப் படகில் நின்று பல்லைக் காட்டுவது, கட்டிலுக்கு அடியில். மாட்டு மணி மகள் ஆரணியின் அலுமாரியில். மிச்சச் சொக்கிலேற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நானே தின்று முடித்தேன். இப்போது நெஞ்செரிவு.

ஜூனில் சுவிஸ் போனோம். ஒரு கிழமை. சறோ அக்கா, என் பெரியம்மாவின் மகள், முப்பது வருடமாக இருப்பது அங்கேதான், லுசேர்ணில். அவருக்குச் சொல்லவில்லை. மறந்து போய் அல்ல. மேசையில் இருந்து கதைத்து, முடிவெடுத்துச் சொல்லாமல் விட்டோம்.

பாரிஸ் போன கதைதான் காரணம். சொந்தக்காரர் வீடு வீடாகச் சாப்பாடு. ஒரு வீட்டில் கை கழுவி அடுத்த வீட்டில் இலைக்கு முன்னால். ஈபிள் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்தோம். அன்றைக்கே ஆரணி சொன்னாள்: “அம்மா, நெக்ஸ்ற் ரைம் ஒருத்தருக்கும் சொல்லாமப் போவம். எனக்கு இடம் பாக்கோணும், அன்ரிமாரை இல்லை.” அவளுக்கு இருபது வயது, சொல்லுவாள். ஓம் என்றது நான். சூரிச்சில் ஹோட்டல் பிடித்தது இவர்.

வியாழன், ஆகஸ்ட் 7

பி.ப. 3 விமானம். ஒரு மணித்தியாலம் சுணக்கம். 401 நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். அக்கா மெலிந்துவிட்டார். கட்டிப் பிடித்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்கு.

பெட்டி இரண்டு. ஒன்று முழுக்க எங்களுக்கு. பால்கட்டி, சொக்கிலேற், இவருக்குச் சேட், ஆரணிக்கு ஒரு சின்னப் பொட்டலம். பிரித்தால் காந்தப் படம். அதே மரப்பாலம். அதே கடையாகக்கூட இருக்கும்.

“உது எங்கட ஊர்ப் பாலம், பிள்ளை. நீங்கள் வந்தா அதில நடந்து திரியலாம்.”

“வாவ் பெரியம்மா, சோ பிறிற்றி.” நடிப்பில் என்னை வென்றுவிட்டாள். பிறிட்ஜில் ஒட்டினாள், பழையது இருந்த அதே இடத்தில்.

இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். “உந்தப் பாலத்தின்ர கூரைக்குள்ள எல்லாம் படம் கீறியிருக்கு, என்ன அக்கா?”

“ஓம். தம்பிக்கு எப்பிடித் தெரியும்?”

“யூரியூப்பில பாத்தனான்.”

குசினிக்குள் போய்த் தண்ணீர் குடித்தேன். அக்காவுக்கு நல்ல சந்தோஷம். தன் ஊரைப் பற்றி யூரியூப்பில் பார்க்கிற அளவுக்கு எங்களுக்கு ஆசையாம்.

சனி, ஆகஸ்ட் 9

காலையில் கொஞ்சம் குளிர்மை. கிளினிக்கில் அடுத்த வெள்ளி வரைக்கும் லீவு சொல்லியாயிற்று. தக்காளிக்குத் தண்ணீர் விடவில்லை. சேலைக்குப் பிளவுஸ் இறுக்கம், சொக்கிலேற்றின் வேலை.

பக்கத்து வீட்டு வதனி, சறோ அக்காவைப் பார்க்க இடியப்பத்தோடு வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நாங்கள் சுவிஸில் நின்றபோது தபால் எடுத்து வைத்தவள் அவள், சொக்கிலேற்றும் கொடுத்திருக்கிறேன். யன்னலால் கண்டதும் ஓடிப்போய் வாசலில் மறித்தேன்.

“வதனி, நாங்கள் சுவிஸ் போனதைச் சொல்லிப்போடாதை.”

“ஆருக்கு? உங்கட அக்காவுக்கோ?”

“பெரியம்மாவின்ர மகள்தானே.”

“அப்ப அக்காதானே.” என்னைப் பார்த்த பார்வை. கறி கருகினால் சட்டியைப் பார்ப்போமே, அப்படி.

சொன்ன சொல் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை விடவில்லை. ஆனால் அக்கா லுசேர்ண் ஏரியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, வதனி கேட்டது அக்காவிடம், பார்த்தது என்னை.

லுசேர்ணில் நாங்கள் செய்ததை இதில் எழுதி வைக்கிறேன், வேறெங்கே எழுத. இறங்கியதும் இவரும் நானும் தொப்பி போட்டோம். எங்கள் ஆட்களின் முகம் கண்டால் படம் எடுப்பதுபோல் ஏரிப்பக்கம் திரும்பி நின்றோம். பாலத்தில் தமிழ்ச் சத்தம் கேட்டு மூன்று பேரும் வந்த வழியே திரும்பினோம். பார்த்தால் தமிழ்நாட்டுச் சனம், சுற்றுலா வந்தவர்கள். எங்களை விட நிமிர்ந்து நடந்தார்கள்.

ஞாயிறு, ஆகஸ்ட் 10

அஜக்ஸில் கலியாணம். மழை. தாலி கட்டி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் சாப்பாடு. பாயாசம் நல்லம், வடை றப்பர்.

காதில் விழுந்தவை: “பொம்பிளை நல்ல உயரம், என்ன.” “பார்க்கிங் இல்லாமல் ஆர் உந்த ஹோலை எடுத்தது?” “சுவிஸ் அக்காவோ? அங்க மலையெல்லாம் ஏறியிருப்பியள்.”

கடைசிக் கேள்வி சறோ அக்காவிடம். அக்கா சொன்னார்: “ஏறாமல் என்ன? குசினி யன்னலால ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கிறன்.” மேசை முழுக்கச் சிரிப்பு. நான் எல்லோரையும் விடச் சத்தமாக.

பிறகு என் தோளில் கை போட்டு அறிமுகம் செய்தார். “இவள் சுமதி, என்ர தங்கச்சி. எங்கட பக்கம் இன்னும் வரக் கிடைக்கேல்லை. பிள்ளையின்ர படிப்பு, பாவம்.”

வருடா வருடம் போனில் நான் சொல்லும் சாட்டு அது. எனக்காக அவரே சொல்லிவிட்டார். யாரோ ஒரு அன்ரி, “ஓம், பிள்ளையள் இருந்தா எங்க வெளிக்கிடுறது” என்று எனக்காக இரங்கினார். ஆரணி மேசைக்கு அடியில் காலால் தட்டினாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

செவ்வாய், ஆகஸ்ட் 12

நல்ல வெயில். நயாகரா. வெளிநாட்டில் இருந்து யார் வந்தாலும் நயாகரா, இது எங்கள் வீட்டுச் சட்டம். எத்தனையாவது தடவை என்று இவரிடம் கேட்டால் சண்டை வரும். பெற்றோல் அடித்து, ரோல்ஸ், கட்லட், சோத்துப் பார்சல், பாய், மழைக்கோட்டு எல்லாம் ஏற்றி வெளிக்கிட மு.ப. 10.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நெடுநேரம். மூக்குக்கண்ணாடி முழுக்க நீர். துடைக்கவில்லை. “அம்மாடி” என்று மட்டும் சொன்னார்.

பிறகு மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பாடு. எனக்கு ஏன் அந்தப் புத்தி போனதோ, கேட்டேன்: “உங்கட பக்கத்திலயும் ஒரு அருவி இருக்காமே, அக்கா?”

“ரைன் அருவி. கிட்டத்தான். படத்திலதான் பாத்தனான்.”

“போகேல்லையோ?”

“விருந்தாளியள் வந்தாத்தானே போறது? இப்ப நீயும் எனக்காகத்தானே இஞ்ச வந்தனீ. எங்களுக்கு ஆர் வாறது, சொல்லு. ஊரில இருந்து வர விசா குடுக்கிறாங்களில்லை. மிச்ச ஆக்கள் எல்லாம் லண்டன், பாரிஸ்.” கட்லட்டை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் கையில் வைத்தார். “நீங்கள் வரேக்க எல்லாருமாப் போவம் எண்டு வைச்சிருக்கிறம். அருவி, மலை, கப்பல் எல்லாம். உன்ர அத்தான் ஒரு முறை வெளிக்கிட்டவர், நான்தான் வேண்டாம், சுமதியாக்கள் வரட்டும் எண்டனான். இப்ப அவருக்கு முழங்கால் ஏலாது. எண்டாலும் பிலாத்துஸுக்குப் பல்சில்லு ரெயின் உச்சி வரைக்கும் போகுதாம்.”

போகும். சிவப்பு ரெயின். இருக்கை படிக்கட்டு மாதிரி இருக்கும். இடப்பக்கம் இருந்தால் ஏரி நன்றாகத் தெரியும். எனக்குத் தெரியும்.

“அப்பிடியே அக்கா” என்றேன்.

இவர் குளிர்பெட்டியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார். ஆரணி எழும்பி நடந்து போய்விட்டாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது, அருவித் தண்ணி பட்டதாம்.

வெட்கம் என்று எழுதிப் பார்த்தேன். போதவில்லை. அந்த அரைக் கட்லட்டைத் தின்றேன். அதுவும் எழுதத்தான் வேண்டும்.

புதன், ஆகஸ்ட் 13

வானம் மப்பு. கடைகளுக்கு அக்காவை ஆரணி கூட்டிப் போனாள். வீட்டில் இவரும் நானும் கராஜுக்குள் சண்டை. வீட்டுக்குள் சண்டை பிடிக்க வெட்கமாக இருந்தது, ஒருவரும் இல்லாவிட்டாலும்.

“சொல்லப் போறன்.”

“சொல்லி என்ன? அந்த மனுசிதான் நோகும். வாற வருசம் போவம். முதல் தரம் போறமாதிரி.”

“திரும்பவும் அதே ரெயினில ஏறி, ஆவெண்டு வாயைப் பிளக்கிறதோ?”

“பிளந்தா என்ன?”

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எனக்குப் பிடித்த நியாயம், அதனால்தான் நம்பப் பயம். திரும்பப் போய் நடிப்போமா என்று பின்னேரம் ஆரணியிடம் கேட்டேன். “அம்மா, ஐ கான்ற். அவ என்னை யன்னல் பக்கம் இருத்தி, அங்க பார் இங்க பார் எண்டு காட்டுவா. நான் அழுதிடுவன்.”

காரின் எண்ணெய் மாற்ற வேண்டும். அக்கா கொண்டுபோக மிளகாய்த்தூள் ஐந்து கிலோ வாங்கியாயிற்று.

வியாழன், ஆகஸ்ட் 14

நாளை அக்கா போகிறார். விடிய மழை, பிறகு வெயில். பின்னேரம் குசினியில் தூள் பைகளை இரண்டு மூன்று பொலித்தீனில் சுற்றி ரேப் ஒட்டினோம். அக்கா பிடிக்க, நான் ஒட்ட. கை வேலையாக இருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

“அக்கா, ஜூனில நாங்கள் சுவிஸுக்கு வந்தனாங்கள்.”

அக்கா பையை விடவில்லை. “எங்க?”

“சூரிச்சில தங்கினனாங்கள். ஹோட்டலில. உங்களுக்குச் சொல்லேல்லை. சொன்னா வீட்டில மறிச்சுப்போடுவியள், ஒண்டும் பாக்கேலாது எண்டு.”

யன்னலுக்கு வெளியே தக்காளிச் செடிப்பக்கம் அணில் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சாப்பாட்டுக்கு என்ன செய்தனீங்கள்?”

“பாண். கப் நூடில்ஸ்.”

“ஒரு கிழமையும் பாணோ? பிள்ளையுமோ?”

“ஓம்.”

“நான் மறிச்சிருக்கமாட்டன், சுமதி. விடியச் சோறு கட்டித் தந்து விட்டிருப்பன்.” ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். பிறகு ரேப்பை என் கையில் இருந்து வாங்கித் தானே ஒட்டினார், நான்கு பக்கமும், வேண்டியதற்கு மேல்.

மன்னிப்புக் கேட்டேன். அடுத்த பையை எடுத்தார்.

“லுசேர்ணுக்கும் வந்தனீங்களோ?”

“ஓம்.”

“மலைக்கு?”

“ஓம், அக்கா.”

“மேல நிண்டா எங்கட வீட்டுப் பக்கம் தெரியுமாம். தெரிஞ்சுதோ?”

கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆசையாகக் கேட்டார்.

“இல்லையக்கா. ஒரே புகார், முகில் மூடினபடி. ஒண்டும் தெரியேல்லை.”

“அது அப்பிடித்தான். ஜூனில மூடிப்போடும்.” முகம் கொஞ்சம் தெளிந்தது. என் கன்னத்தைத் தூள் பட்ட கையால் தட்டினார். “அப்ப நீங்களும் பாக்கேல்லை. பறவாயில்லை. அடுத்த முறை எல்லாருமாப் பாப்பம்.”

கன்னம் இன்னும் எரிகிறது.

அன்றைக்குப் புகாரே இல்லை. துடைத்துவிட்ட வானம். ஏரி, ஊர், வீட்டுக் கூரைகள் எல்லாம் கீழே. இவர், “அந்தா, அதுதான் சறோ அக்கா வீட்டுப் பக்கம்” என்று கையை நீட்டிக் காட்டினார். “கையை இறக்குங்கோ, அக்கா கண்டிடுவா” என்று நான் பகிடிக்குக் குனிந்தேன். ஆரணியும் குனிந்தாள். சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.