‘பூட்டாரு’ என்று ஒரு வார்த்தை

சார்,

நம் பள்ளியின் நிர்வாகக் குழு நேற்று வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவு ஒன்றை எடுத்தது. உங்கள் படத்துக்கு இனிப் பிளாஸ்டிக் மாலை கிடையாது. திருப்பதியில் வாங்கிய சந்தனச் சீவல் மாலைதான். ஏழு பேர் இரண்டு மணி நேரம் விவாதித்தோம். மாலையைப் போடும் பொறுப்பு எனக்கு வந்தது. ஸ்டூலில் ஏறி உங்கள் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றபோது, சந்தன வாசனையையும் மீறி, உங்கள் மேலிருந்த கோபம் கெடாமல் அப்படியே இருந்தது.

ஆந்திர எல்லையில், குடுபல்லிப் பக்கத்து நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று முதலில் நினைத்தவர் நீங்கள்தான். அதை மறுக்கவில்லை. டென்மார்க் நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி எழுதி, அங்கே ஒரு சங்கத்தையே திரட்டினீர்கள். ஒவ்வொரு பிள்ளையின் படிப்புச் செலவுக்கும் அங்கே ஒரு குடும்பம் பொறுப்பேற்கும். பிள்ளையின் கதையை ஒரு பக்கம் நாம் எழுதி அனுப்ப வேண்டும். “சோகம் கொஞ்சம் தூக்கலா இருக்கணும் மாஸ்டாரு” என்பீர்கள், குழம்புக்கு உப்புச் சொல்வதுபோல.

வசந்தாவின் கதையை எழுத உட்கார்ந்தபோது அவளுக்கு ஆறு வயது. தெலுங்குக்காரரான உங்களுக்குப் பிள்ளைகளின் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும் என்பதால் நான்தான் கேட்டேன்.

“நைனா எங்க பாப்பா?”

“நைனா பூட்டாரு.”

எங்கள் பக்கத்தில் பெங்களூருக்குப் போனவரும் பூட்டாருதான், சுடுகாட்டுக்குப் போனவரும் பூட்டாருதான். எங்கே என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தகப்பன் இறந்துவிட்டான் என்று டைப்ரைட்டரில் ஆங்கிலத்தில் தட்டினீர்கள்.

மறுநாள் அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அவள் அப்பா முனுசாமி அங்கே சென்ட்ரிங் வேலையில் இருந்தார். உங்களிடம் ஓடி வந்தேன்.

“தபால்ல போட்டாச்சே மாஸ்டாரு. இப்ப மாத்தினா நம்மள பொய்யனுங்கன்னு நெனப்பாங்க.”

நம் நாணயத்தைக் காப்பாற்ற ஓர் ஆளைச் சாகவிட்டீர்கள்.

அடுத்த ஆண்டு, வசந்தாவுக்குப் பொறுப்பேற்றிருந்த டென்மார்க் அம்மாள் அவளைப் பார்க்க வந்தார். அன்று காலையே முனுசாமியும் ரயிலிலிருந்து இறங்கி வந்தார். கையில் பன் பொட்டலம், சிவப்புக் கவுன். கேட்டிலேயே நிறுத்தினீர்கள்.

“முனுசாமி, இன்னிக்கி நீ வசந்தாவுக்கு மாமன். தெரிஞ்சிதா?”

“மாமனா? அப்ப சீரு யாரு சார் செய்யிறது?” என்று சிரித்தார்.

நீங்கள் விஷயத்தைச் சொன்னீர்கள். சிரிப்பு நின்றது.

“இல்லன்னா அவ படிப்பு நின்னுடுமா சார்?”

“நின்னுடும்.”

“அவ படிக்கணும் சார். நான் மாமனாவே இருந்துக்கினு போறேன்.”

வசந்தாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. “நைனா!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அப்படியென்றால் என்ன என்று அந்த அம்மாள் கேட்டார். மாமா என்று அர்த்தம் என்றீர்கள், கண் இமைக்காமல். அவர் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார். தமிழ் மாஸ்டர் நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அன்று சாயங்காலம் கூப்பிட்டீர்கள். “வருஷா வருஷம் வருவாங்க. பழக்கம் இருந்தாத்தான் வாயில வரும். நீங்க சொல்லிக் குடுங்க.”

சமையலறைக்குப் பின்னால் அவளை அழைத்துப்போனேன்.

“நைனாவ நைனான்னு கூப்புட்டா இன்னா சார் தப்பு?”

‘அ, ஆ’ சொல்லிக்கொடுத்த அதே குரலில், அதே பொறுமையோடு, ‘மாமா’ என்று பத்து முறை சொல்லவைத்தேன். கெட்டிக்காரி, இரண்டாம் முறையே பிடித்துக்கொண்டாள். உத்தரவு உங்களுடையது. குரல் என்னுடையது, அதை மட்டும் உங்கள் தலையில் கட்ட முடியவில்லை.

வசந்தா இப்போது திருப்பதியில் நர்ஸ். முனுசாமி இடுப்பொடிந்து அவளோடு இருக்கிறார். போன மாதம் அங்கே போயிருந்தேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, “மாமா, துன்ன வா” என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார்.